திட்டிய மதிப்பாய்வாளரும் தலையாட்டிய நானும்

கடுமையான விமர்சனம் வந்தால் கோபப்படாதே, நிதானமாக இரு, நல்லதை மட்டும் எடுத்துக்கொள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். கோபமே வராதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. என் முதல் ஆய்வுக் கட்டுரையைக் கிழித்துத் தோரணம் கட்டி ஒரு மதிப்பாய்வு வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்வதெல்லாம் சரி என்றுதான் தோன்றியது. ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குப் போனது கிட்டத்தட்ட ஓர் ஆண்டு, அதோடு கையிருப்பில் பெரும்பகுதி. இதே கட்டத்தில் இப்போது நிற்கிற யாருக்காவது அந்த ஓர் ஆண்டு மிஞ்சினால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆய்விதழ்களின் நடைமுறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் அனுப்பும் கட்டுரையை இதழாசிரியர் அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பார். பெரும்பாலும் அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் இதற்கென்று பொதுவாக ஊதியம் கிடையாது. அவர்கள் எழுதித் தரும் குறிப்புகளை வைத்து, ஏற்பதா, திருத்தச் சொல்வதா, நிராகரிப்பதா என்று இதழாசிரியர் முடிவு செய்வார். பெயர் போடாமல் எழுதும் வசதி இருப்பதால் சில குறிப்புகளில் காரம் தூக்கலாக இருக்கும். அடையாளம் தெரியாமல் பேசக் கிடைத்தால் மனிதர்கள் எங்கேயும் அப்படித்தான்.

என் கட்டுரை இரவுப் பணியில் இருப்பவர்களின் உறக்கத்தையும் மறதியையும் பற்றியது. பல பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, ஒரே ஒரு முறை கேட்டுத் திரட்டிய தரவு. இதழாசிரியரின் கடிதம் பெரிய அளவில் திருத்தச் சொன்னது. அதாவது மேஜர் ரிவிஷன். நியாயமாகப் பார்த்தால் அது நல்ல செய்தி. கதவு திறந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் நான் அந்தக் கடிதத்தை ஒழுங்காகப் படிக்கவே இல்லை. நேராகக் கீழே இருந்த குறிப்புகளுக்குப் போய்விட்டேன். இரண்டாவது மதிப்பாய்வாளர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். கேள்வி தெளிவாக இருக்கிறது, சில அட்டவணைகளைச் சரிசெய்யுங்கள், அவ்வளவுதான். முதலாமவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். எனக்குப் புள்ளியியலின் அரிச்சுவடியே தெரியவில்லை என்றார். கேள்வித்தாள் வீட்டில் உட்கார்ந்து தயாரித்தது போலிருக்கிறது என்றார். உறக்கத்தை அளக்காமல் உறக்கத்தைப் பற்றி எழுத எப்படித் துணிச்சல் வந்தது என்று கேட்டார். மொழி படிக்கவே சகிக்கவில்லை என்றார். கடைசியில், நான் வேறு துறையைத் தேடிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது என்ற தொனியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரியைத்தான் நான் மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டாமவர் எழுதிய நல்ல வார்த்தைகள் நினைவிலேயே தங்கவில்லை. அவர் மேலோட்டமாகப் படித்திருப்பார், முதலாமவர்தான் உள்ளே புகுந்து பார்த்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படித் தோன்றுவது எனக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை என்று பின்னால் தெரிந்தது. உளவியலாளர் தெரசா அமாபிலே 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அச்சில் வந்த புத்தக மதிப்புரைகளில் பாராட்டி எழுதியவற்றையும் தாக்கி எழுதியவற்றையும் படிக்கக் கொடுத்து, எழுதியவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். தாக்கி எழுதியவர்களை, அன்பில்லாதவர்கள் என்று சொன்ன அதே வாசகர்கள், அதிக அறிவாளிகள், அதிகத் திறமைசாலிகள் என்றும் மதிப்பிட்டார்கள். கடுமையாகப் பேசுகிறவரை விஷயம் தெரிந்தவர் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால், இந்த ஆள் அறிவாளியாகத் தெரிவது அவர் சொன்ன விஷயத்தாலா, சொன்ன விதத்தாலா என்றாவது ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

குறிப்பை யாரிடமும் காட்டவில்லை. ஆய்வு நெறியாளரிடம், திருத்தம் கேட்டிருக்கிறார்கள், செய்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவரும் தன் வேலை மும்முரத்தில் சரி என்று விட்டுவிட்டார். காட்டாததற்குக் காரணம் வெட்கம்தான். அந்தக் கடைசி வரியை இன்னொருவர் படித்துவிட்டால், அவரும் அதை நம்பிவிடுவார் என்ற பயம். இதைப் படிக்கிற உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: யாரிடமும் காட்டக் கூடாது என்று ஒரு விமர்சனம் உங்களை நினைக்க வைத்தால், முதலில் இன்னொருவரிடம் காட்ட வேண்டியது அதுதான். உங்கள் மேல் பிரியம் இருப்பவரைவிட, அந்த வேலை தெரிந்தவராக இருப்பது முக்கியம். பிரியமானவர்கள் எதிராளியைத் திட்டுவார்கள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும்; கட்டுரை அப்படியே கிடக்கும்.

அப்புறம் நடந்தது சொல்லவே அலுப்பாக இருக்கிறது. அவர் கேட்ட எல்லாவற்றையும் செய்யக் கிளம்பினேன். மொழியைச் சீராக்க ஒரு திருத்துநர் நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். உறக்கத்தை அளக்க வேண்டும் என்றாரே, அதற்காகக் கைக்கடிகாரம் போலக் கட்டிக்கொள்ளும் பதிவுக் கருவிகளை வாடகைக்கு எடுத்தேன். ஏற்கெனவே கேள்வித்தாள் நிரப்பியவர்களில் ஒத்துக்கொண்டவர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் கையில் கட்டினேன். அதற்கு முன்னால், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் புதிதாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதற்கே மாதக்கணக்கில் காத்திருந்தேன். கருவியைச் சிலர் கட்ட மறந்தார்கள். சிலர் வேலை செய்ய இடைஞ்சல் என்று கழற்றி வைத்தார்கள். மிஞ்சிய தரவு ஒரு முடிவுக்கும் போதாது. இதற்குள் என் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. சேமிப்பில் கை வைத்தேன். திருத்தத்துக்கு இதழ் கொடுத்திருந்த கெடுவும் நெருங்கியது. கைக்கு வந்ததையெல்லாம் கட்டுரைக்குள் திணித்தேன். அவர் மேற்கோள் காட்டச் சொன்ன கட்டுரைகளையும் சேர்த்தேன். அவை எல்லாவற்றிலும் ஒரே ஆசிரியரின் பெயர் இருந்ததைக் கவனித்தும், வாயைத் திறக்கவில்லை. கட்டுரை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமானது.

பதில் வந்தது. கருவித் தரவு மிகக் குறைவு, கட்டுரை கண்டபடி அலைகிறது என்று முதலாமவர் எழுதியிருந்தார். அவர் கேட்டதைச் செய்ததற்கே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாமவர் அதே அரைப் பக்கத்தில், முதல் வடிவத்தில் இருந்த தெளிவான கேள்வி இதில் காணாமல் போய்விட்டது என்று வருத்தப்பட்டிருந்தார். இதழாசிரியர் நிராகரித்துவிட்டார். அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கோபம் வந்தது, அதுவும் என் மேல்.

நண்பர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளரின் புகழ்பெற்ற கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின, நான்காவது இதழ் 1970-இல் வெளியிட்டது, அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது என்று ஒருவர் சொன்னார். உண்மையான கதைதான். ஆனால் இந்த மாதிரிக் கதைகளை நான் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. திருப்பி அனுப்பப்பட்ட பெரும்பாலான கட்டுரைகளில் ஏதோ ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. அகர்லாஃப் கதை என் கட்டுரையில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது அந்த ஒரு விஷயம்தான்.

அதைச் சொன்னது ஆய்வகத்தில் எங்களுக்கு மூத்தவர் ஒருவர். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நிராகரிப்புக்குப் பிறகுதான் அவரிடம் முதல் குறிப்பைக் காட்டினேன். தேநீர் ஆறுவதற்குள் படித்து முடித்துவிட்டு, "இதுல இவ்வளவு பக்கம் எதுக்கு? ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கத்தியிருக்காரு" என்றார். பிறகு என்னை உட்கார வைத்து ஒரு வேலை கொடுத்தார். குறிப்பில் இருந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓர் அட்டவணையில் இடது பக்கம் அப்படியே எழுத வேண்டும். வலது பக்கம் அதே வாக்கியத்தை, நம்மீது எந்த உணர்ச்சியும் இல்லாத ஒருவர் சொல்வது போலத் திருப்பி எழுத வேண்டும். அரிச்சுவடி, துணிச்சல், சகிக்கவில்லை மாதிரியான சொற்கள் வலது பக்கம் வரவே கூடாது. எழுத ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும்.

சொல்லக் கேட்கும்போது சின்னப் பிள்ளை விளையாட்டு போலத்தான் இருந்தது. செய்து பார்த்தபோது பக்கம் பக்கமாக இருந்த குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

புள்ளியியல் அரிச்சுவடி என்ற வரிக்கு வலது பக்கம் எழுதியது இது: ஒரே முறை கேட்டுத் திரட்டிய தரவை வைத்து, இது அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. இதைப் படித்தவுடன் எனக்கு வேர்த்துவிட்டது, ஏனென்றால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரவுப் பணி மறதியை உண்டாக்குகிறது என்று நான் எழுதியிருந்தேன். என் தரவு சொன்னதெல்லாம், இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது மட்டுமே. எது முந்தியது, எது பிந்தியது என்று ஒரு முறை கேட்டதை வைத்துச் சொல்ல வழியில்லை. அதுபோக, இரவுப் பணி ஒத்துக்கொள்ளாதவர்கள் சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். தாக்குப்பிடித்தவர்கள்தான் நம் கேள்வித்தாளை நிரப்ப அங்கே இருப்பார்கள். தொழில் சார்ந்த நலவாழ்வு ஆய்வுகளில் இது எல்லாரும் அறிந்த சிக்கல். ஆக, உண்மையான பாதிப்பு நான் கண்டதைவிட அதிகமாகவும் இருக்கலாம். காரணம் என்ற தொனி வந்த இடங்களில் தொடர்பு என்று மாற்றி, இந்த வரம்பைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தால் போதும். ஒரு மதிய நேரத்து வேலை. நான் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த அவசரத்தில், இருந்ததிலேயே முக்கியமான இந்தக் குறையை ஓர் ஒப்புக்குச் சப்பாணி வாக்கியத்தால் கடந்து போயிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினால் இதுதான் நடக்கும். எது உயிர்நாடி, எது உதிரி என்று பிரித்துப் பார்க்கவே மாட்டோம்.

அடுத்து, வீட்டில் தயாரித்த கேள்வித்தாள் என்ற வரி. இது அப்பட்டமாகத் தவறு. நான் பயன்படுத்தியது பிட்ஸ்பர்க் உறக்கத் தரக் குறியீடு. 1989-இல் வெளியானது, 19 கேள்விகள் கொண்டது, உலகம் முழுக்க உறக்க ஆய்வுகளில் புழங்குவது. இந்த வரியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. "அவருக்கு ஏன் அப்படித் தோணுச்சு?" என்று கேட்டார். கட்டுரையைப் புரட்டினோம். அந்தப் பெயர் ஒரே ஓர் இடத்தில், நீளமான ஒரு பத்தியின் நடுவில் புதைந்து கிடந்தது. வேகமாகப் படிக்கிற யார் கண்ணிலும் படாது. மருத்துவரிடம் போகிறவர் தனக்கு வந்திருக்கும் நோயின் பெயரைத் தப்பாகச் சொல்லலாம், ஆனால் வலிக்கிற இடத்தைத் தப்பாகச் சொல்வதில்லை. விமர்சகரும் அப்படித்தான். என்ன கோளாறு என்பதிலும், எப்படிச் சரிசெய்வது என்பதிலும் அவர் தவறலாம். எங்கே தடுக்கி விழுந்தார் என்பது மட்டும் அவர் கையில் இருக்கும் நிஜமான தகவல். ஒரு வாசகர் தப்பாகப் புரிந்துகொண்டால் அவருக்குப் பதில் எழுதுவதோடு நிறுத்தாமல், கட்டுரையிலும் அந்த இடத்தைத் திருத்திவிடுங்கள். அடுத்த வாசகருக்கு நீங்கள் பக்கத்தில் நின்று விளக்க முடியாது.

உறக்கத்தை அளக்கவில்லை என்ற வரிதான் என்னை நிறைய அலைய வைத்தது. உணர்ச்சியை நீக்கிய பிறகும் அது நியாயமாகவே தெரிந்தது: கேள்வித்தாளைவிடக் கருவி துல்லியமானது. உண்மைதான். மூளை அலைகள், மூச்சு, கண்ணசைவு எல்லாவற்றையும் இரவு முழுக்கப் பதிவு செய்யும் ஆய்வக முறை அதைவிடத் துல்லியமானது. ஆனால் அப்படிச் செய்தால் அது வேறு ஓர் ஆய்வு. என் கேள்வி, பணியாளர்கள் தங்கள் உறக்கத்தை எப்படி உணர்கிறார்கள் என்பது. அதைக் கருவியிடம் கேட்க முடியாது. இந்த வகை விமர்சனத்தை இனம் காண நான் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அவர் சொல்வதைச் செய்து முடித்த பிறகும் என் தலைப்பு அப்படியே பொருந்துமா என்று கேட்டுப் பார்ப்பேன். பொருந்தாது என்றால், அவர் என் வேலையை விமர்சிக்கவில்லை. நான் செய்யாத வேறொரு வேலையை ஆசைப்படுகிறார். அதற்குப் பதில் இரண்டு வாக்கியம் போதும்: கருவி வழியாக அளப்பது பயனுள்ளது, இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு என்பதால் அதை எதிர்கால ஆய்வாகக் குறிப்பிட்டிருக்கிறோம். இந்த இரண்டு வாக்கியத்துக்குப் பதிலாகத்தான் நான் வாடகைக் கருவியும் காத்திருப்புமாக அலைந்திருக்கிறேன்.

மொழி சகிக்கவில்லை என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எந்த வரி என்று சொல்லாத குறையை நேரடியாகத் திருத்த முடியாது. இரண்டு பேரிடம் கட்டுரையைக் கொடுத்து, ஒரு தடவைக்கு மேல் படிக்க வேண்டியிருந்த வாக்கியங்களின் கீழே கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். இரண்டு பேரும் கோடு போட்ட இடம்தான் நிஜமான இடம். நான் செய்த மாதிரி முழுக் கட்டுரையையும் பணம் கொடுத்துத் திருத்தக் கொடுக்க அவசியமில்லை.

வேறு துறையைத் தேடிக்கொள் என்ற வரிக்கு வலது பக்கம் எழுத ஒன்றும் இல்லை. கோடு போட்டேன். மாதக்கணக்கில் நான் சுமந்துகொண்டிருந்த வரி அது. அவ்ரகாம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-இல், ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவருக்குச் சொல்லப்படும் கருத்துரைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகக் கருத்துரை வேலையை மேம்படுத்துகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முடிவுகளில் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகி, நான் எப்படிப்பட்ட ஆள் என்ற பக்கம் போகப் போகக் கருத்துரையின் பலன் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். என் விஷயத்தில் இதற்கு ஆதாரமே தேட வேண்டாம். நான் கட்டுரையைத் திருத்தியதே இல்லை. அந்தக் கடைசி வரியைப் பொய்யாக்கத்தான் உழைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதிக் கொட்டிவிடு, மனசு லேசாகும் என்று சொல்வார்கள். உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைச் சந்தேகிக்க வைக்கிறது. 600 கல்லூரி மாணவர்களைக் கட்டுரை எழுத வைத்து, நான் படித்ததிலேயே மோசமான கட்டுரைகளில் இது ஒன்று என்ற மாதிரிக் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரை, அந்தக் குறிப்பை எழுதியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக்கொண்டு குத்தினார்கள். மூன்றாவது பிரிவினர் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திட்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் எல்லாரையும்விட அடங்கியிருந்தார்கள். அதனால் குறிப்பு வந்த அன்று பதில் எழுதாதீர்கள் என்பதோடு, மனசுக்குள்ளும் பதில் எழுதாதீர்கள் என்றே சொல்வேன். அன்றைக்கு வேறு ஏதாவது வேலையைப் பாருங்கள்.

கோபத்தில் பதில் எழுதியவர்கள் வரிசையில் ஐன்ஸ்டைனும் உண்டு. 1936-இல் அவரும் நேதன் ரோசனும், ஈர்ப்பு அலைகள் இல்லவே இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை ஃபிசிகல் ரிவ்யூ இதழுக்கு அனுப்பினார்கள். இதழாசிரியர் அதை ஒரு மதிப்பாய்வாளருக்கு அனுப்பினார். பிழை இருக்கிறது என்று விரிவான குறிப்பு வந்தது. அச்சாவதற்கு முன்னால் இதை இன்னொருவரிடம் காட்ட நாங்கள் அனுமதி தரவில்லை என்று ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த மதிப்பாய்வாளர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. அவர் பிறகு ஐன்ஸ்டைனின் உதவியாளர் லியோபோல்ட் இன்ஃபெல்டோடு நேரில் பேசி, பிழை எங்கே என்று காட்டினார். கட்டுரை 1937-இல் வேறு இதழில் வந்தபோது முடிவு மாறியிருந்தது. ஈர்ப்பு அலைகள் 2015-இல் நேரடியாகப் பதிவாயின. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, ஐன்ஸ்டைனுக்கே தவறு நேர்ந்தது என்பது இல்லை; அது எல்லாரும் சொல்வது. கடிதமாக வந்தபோது தள்ளிவிட்ட அதே விஷயம், ஒரு சக மனிதரின் பேச்சாக வந்தபோது உள்ளே போயிற்று. என் அட்டவணையின் வலது பக்கம் செய்ததும் ஏறக்குறைய அந்த வேலைதான்.

பதில் கடிதம் எழுதும் முறையையும் அக்காதான் சொல்லிக்கொடுத்தார். மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்பையும் வெட்டாமல் முழுதாகப் போட வேண்டும். அதன் கீழே நம் பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரியை மாற்றினோம் என்ற விவரம். மாற்றவில்லை என்றால் காரணமும் ஆதாரமும். திட்டு வரிகளுக்குப் பதில் வேண்டாம். அதிலிருக்கும் விஷயத்துக்கு மட்டும் பதில். ஒவ்வொரு பதிலையும் தங்கள் ஆழ்ந்த நுண்ணறிவுக்கு நன்றி என்று தொடங்க வேண்டாம், தொடக்கத்தில் ஒரு முறை சொன்னால் போதும். மறுப்பதற்குப் பயப்படவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட பதிலைவிட, தெளிவான காரணத்தோடு ஒன்றிரண்டை மறுத்த பதில், இவருக்குத் தன் வேலை தெரியும் என்று இதழாசிரியரை நினைக்க வைக்கும்.

இதழாசிரியருக்கே தனியாக எழுதலாம் என்பதும் எனக்குத் தெரியாமல் இருந்தது. இரண்டு மதிப்பாய்வாளர்கள் நேரெதிராகச் சொன்னால் எதைப் பின்பற்றுவது என்று கேட்கலாம். கெடு போதாவிட்டால் நீட்டிக்கக் கேட்கலாம், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். 1997-இல் தொடங்கிய கோப் (COPE) என்ற வெளியீட்டு நெறிமுறைக் குழு, மதிப்பாய்வாளர்களுக்கு வழிகாட்டிக் குறிப்புகள் வைத்திருக்கிறது. பகைமையோடும் இழிவாகவும் எழுதக் கூடாது, மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வதற்காகத் தன் கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்லக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஒரே ஆசிரியரின் கட்டுரைகளாக அடுக்கச் சொன்னால், இவற்றில் எது எங்கள் வாதத்துக்குத் தேவை என்று பார்த்து அதை மட்டும் சேர்த்தோம் என்று எழுதிவிட்டு, இதழாசிரியரின் கவனத்துக்கும் கொண்டுபோகலாம்.

நேரில் வாங்கும் திட்டு இதைவிடக் கஷ்டம். கருத்தரங்கில் எழுந்து நின்று ஒருவர் வறுத்தெடுக்கும்போது அட்டவணை போட முடியாது. நான் இப்போது அவர் சொல்லும் வார்த்தைகளை அப்படியே தாளில் எழுதிக்கொள்வேன். கை வேலையில் இருந்தால் முகம் கொஞ்சம் அடங்கியிருக்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: எந்தப் படத்தில், எந்த எண்ணில் இந்தச் சிக்கல் தெரிகிறது? விஷயம் உள்ளவர் உடனே இடத்தைக் காட்டுவார், குரலும் இறங்கிவிடும். விஷயம் இல்லாதவர் இன்னும் பொதுவாகப் பேசுவார், அது சபைக்கே புரிந்துவிடும். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான்: பார்த்துவிட்டு எழுதுகிறேன். அங்கேயே ஏற்கவும் வேண்டாம், அங்கேயே மறுக்கவும் வேண்டாம்.

இந்த முறை எல்லாத் திட்டுக்கும் பொருந்தாது. தினமும் அவமானப்படுத்துகிற மேலதிகாரியோ நெறியாளரோ இருந்தால், அவர் வார்த்தைகளில் பயனுள்ளது என்ன என்று உட்கார்ந்து சலித்துக்கொண்டிருப்பது நம்மை நாமே வதைப்பது. ஒரு வேலையைப் பற்றி ஒரு முறை வரும் கடுமையும், ஒரு மனிதர் மேல் நாள்தோறும் கொட்டப்படும் கடுமையும் வேறு வேறு. இரண்டாவதற்கு வேண்டியது நாளும் நேரமும் போட்ட பதிவு, பக்கத்தில் நிற்க ஓர் ஆள், முடிந்தால் அங்கிருந்து வெளியேற ஒரு வழி. அதற்குப் போய் அட்டவணை போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

கட்டுரையை முதல் வடிவத்துக்கே திருப்பி, காரணத்தைத் தொடர்பாக மாற்றி, கேள்வித்தாளின் பெயரை முன்னால் கொண்டுவந்து, கருவித் தரவை முழுக்க எடுத்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்பினேன். அங்கேயும் ஒருவர் காரமாகத்தான் எழுதினார். ஆனால் காரணம், தொடர்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தை முதலாமவர் ஏற்கெனவே அடைத்துக் கொடுத்திருந்தார். இந்தத் தடவை குறிப்பு வந்த மறுநாளே அக்காவிடம் கொண்டுபோனேன். திருத்தம் முடிந்து கட்டுரை ஏற்கப்பட்டது. கருவி வாடகைக்குக் கொடுத்த பணமும் திருத்துநர் நிறுவனத்துக்குக் கட்டிய பணமும் போனது போனதுதான்.